நல்ல தண்ணி வரும் வழியும் மழைத் தண்ணி போகும் வழியும்

மோட்டாரைக் கழற்றி உள்ளே பார்த்தால் போதும், அது தூத்துக்குடியில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன். 28 வருஷமாக மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, கட்டுகிற கை இது. முத்தையாபுரம் பக்கத்து உப்பளத்தில் ஓடியது என்றால் வெளிக்கூடான கேசிங்குக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருக்கும். தண்ணீரைத் தள்ளுகிற சக்கரமான இம்பெல்லரின் ஓரத்தை நகத்தால் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். போர் தண்ணீர் இழுக்கிற வீட்டு மோட்டார் என்றால் சுண்ணாம்பு பூசினது போலத் தடித்த படிவு இருக்கும். குழாயில் வரும் நல்ல தண்ணியை, தரையடித் தொட்டியான சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்ற மட்டும் வைத்திருக்கும் மோட்டாரில் விரலில் ஒட்டுகிற அளவுக்கு மெல்லிய செம்பழுப்பு மண் இருக்கும். அது தாமிரபரணி கொண்டுவந்த மண்.

2024 ஜனவரியில் மட்டும் இந்தக் கணக்கு எனக்குப் பொய்த்துப் போனது. போல்பேட்டையில் இருக்கிற என் கடை வாசலில் நடக்க இடமில்லாமல் மோட்டார்கள் கிடந்தன. அரை எச்.பி. சம்ப் மோட்டார், ஒரு எச்.பி. மோனோபிளாக், கம்ப்ரசர், கிரைண்டர், வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய மோட்டார், எல்லாமே. எதைத் திறந்தாலும் உள்ளே ஒரே சேறு. கருப்பாக, சந்தனம் போல வழுவழுவென்று, காயவைத்தால் பாளம் பாளமாக வெடிக்கிற சேறு. கடற்கரை மணலிலும் உப்பளத்திலும் வளர்ந்த எனக்கு அது பழக்கமில்லாத மண்.

உப்பளத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் வழக்கம்போலத் தன் பம்புகளோடு வந்திருந்தார். என் மேஜையில் கிடந்த ஒரு கட்டியை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது எங்க ஊரு மண்ணுல்லா. கரிசல். ஓட்டப்பிடாரத்து மண்ணு."

அவர் ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஊருக்கு வடமேற்கே பருத்தியும் உளுந்தும் விளைகிற மண், என் ஊரில் மாவாட்டுகிற கிரைண்டருக்குள் எப்படி வந்தது? தண்ணீர்தான் கொண்டுவந்தது, அதில் என்ன சந்தேகம். எந்த வழியாக வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன், இந்த ஊரைவிட்டு ஒரு மாதம் வெளியே இருந்ததில்லை, என் வீட்டுக்கு வந்த தண்ணீர் எந்த வழியில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மழையைச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. மறுநாள் காலைக் கணக்குப்படி காயல்பட்டினத்தில் 95 செ.மீ. எங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு பெய்யாது. தாமிரபரணி கரையைத் தாண்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுவிட்டது. திருநெல்வேலி சாலை துண்டாகி தூத்துக்குடி தனித்தீவாக ஆனது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது.

எங்கள் வீடு முத்தம்மாள் காலனிக்குப் பக்கம். மழை பெய்துகொண்டிருந்தபோது தெருவில் முழங்கால் அளவுதான் தண்ணீர். மழை குறைந்துவிட்டது, இனி வடிந்துவிடும் என்று நினைத்த பிறகுதான் ஏறத் தொடங்கியது. வானத்தில் வெளிச்சம் வருகிறது, கீழே தண்ணீர் படிப்படியாக ஏறுகிறது. அந்த மாதிரி ஒரு பயத்தை நான் அதுவரை பட்டதில்லை. மாடியில் பக்கத்து வீட்டு ஆச்சியும் நாங்களும் ஒரே அறையில் இருந்தோம். அரிசி இருந்தது, அடுப்பு இருந்தது, குடிக்க ஒரு குடம் தண்ணீர் இருந்தது. சுற்றிலும் தண்ணீர், குடிக்கிற தண்ணீரை மட்டும் டம்ளரில் அளந்து கொடுத்தோம்.

மூன்றாம் நாள் திரேஸ்புரத்துப் பையன்கள் வந்தார்கள். ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து, தண்ணீர் தொடங்குகிற இடத்தில் இறக்கி, தெருவுக்குள் கம்பு ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆச்சிக்கு 78 வயது. படகைப் பார்த்ததும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க ஆச்சி. காலைத் தூக்கி உள்ள வைங்க. நாங்க பிடிச்சிருக்கோம்லா."

"எந்தப் பக்கம்பா நீங்க?"

"திரேஸ்புரம் ஆச்சி."

"அங்க தண்ணி இல்லையா?"

"வந்துச்சு ஆச்சி. வடிஞ்சிட்டு. எங்களுக்குக் கடல் பக்கத்துல இருக்கே."

அந்தப் பையன் சாதாரணமாகச் சொன்ன பதில்தான். கணக்கப்பிள்ளை கரிசல் மண்ணை நசுக்கிய அன்று எனக்கு அது திரும்ப ஞாபகம் வந்தது. மழைத் தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது, கிழக்கே கடலுக்குப் போகவேண்டும். நடுவில் நாங்கள் இருக்கிறோம்.

எங்கள் பாட்டி வீடு மட்டக்கடையில். அந்தப் பக்கத்துப் பழைய தெருக்களில் நின்றால் கால்படுகிற இடமெல்லாம் மணல்தான். மாதா கோவில், பீச் ரோடு, பழைய துறைமுகம், சிவன் கோவில், பெருமாள் கோவில், தெப்பக்குளம் எல்லாம் கடலை ஒட்டி இருக்கிற அந்தப் பழைய ஊருக்குள்தான். போர்ச்சுகீசியர், 1658-இல் வந்த டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று யார் வந்தாலும் அந்த மணல் பரப்பில்தான் கிடங்கும் கோவிலும் கட்டினார்கள். பனிமய மாதா கோவில் 1713-இல் அர்ச்சிக்கப்பட்டது. பீச் ரோட்டில் இருக்கிற ஹோலி டிரினிட்டி ஆலயம் 1750-இல் டச்சுக்காரர்கள் கட்டியது. இரண்டும் இன்றைக்கும் அதே இடத்தில் நிற்கின்றன. என் பாட்டி வீட்டுத் தெருவில் அந்த டிசம்பரிலும் தண்ணீர் வந்தது, ஆனால் எங்கள் காலனியைப் போல நாள்கணக்கில் நிற்கவில்லை.

அப்புறம் பஞ்சு வந்தது, ரயில் வந்தது, மில் வந்தது. 1888-இல் ஹார்வி கம்பெனியார் கோரல் மில்லைத் தொடங்கினார்கள். 1908-இல் அந்த மில்லின் வேலைநிறுத்தத்துக்குத்தான் வ.உ.சி. தலைமை தாங்கினார். டபிள்யூ.ஜி.சி. ரோடு என்று தினமும் சொல்கிறோமே, அது வெஸ்ட் கிரேட் காட்டன் ரோடு. வி.இ. ரோடு என்பது விக்டோரியா எக்ஸ்டென்ஷன் ரோடு. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், ஊர் மேற்கே நீள ஆரம்பித்துவிட்டது. 1974-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமானது. தெர்மல் என்கிற அனல்மின் நிலையம் வந்தது, ஸ்பிக் உர ஆலை வந்தது. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும். கடல் பக்கம் இடமில்லை, தெற்கே உப்பளம். மேற்கேயும் வடக்கேயும்தான் மனை போட முடியும். என் அப்பா மில்லில் வேலை பார்த்து, ஓய்வுப் பணத்தில் வாங்கிய மனையும் அப்படி மேற்கே கிடைத்ததுதான்.

அங்கே முன்பு என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஊர்ப் பெயர்களே அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. சங்கரப்பேரியில் 'பேரி' என்றால் ஏரி. கோரம்பள்ளத்தில் பள்ளம் இருக்கிறது. மாப்பிள்ளையூரணியில் ஊரணி இருக்கிறது. விளையாட்டுப் போட்டி நடக்கிற தருவை மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'தருவை' என்பது எங்கள் சீமையில் மழைக்காலத்தில் தண்ணீர் பரந்து நிற்கிற தாழ்ந்த நிலத்துக்கான பேர். தூத்துக்குடி என்ற பேருக்கே இரண்டு விளக்கம் சொல்வார்கள். நீர் நின்ற இடத்தைத் தூர்த்துக் குடியேறியதால் தூர்த்துக்குடி என்பது ஒன்று. ஊற்றுத் தோண்டித் தூர்வாரிக் குடித்ததால் வந்த பேர் என்பது இன்னொன்று. எது சரி என்று தமிழறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது, இரண்டிலும் மண்வெட்டி இருக்கிறது.

ஊற்றுத் தோண்டிக் குடித்த கதையை என் பாட்டியிடம் நிறையக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் தண்ணீருக்கு இரண்டு பெயர்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு "தண்ணி எடுத்துட்டு வா" என்றால் "நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?" என்று கேட்கும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ உப்புத் தண்ணி. குடிக்கவும் சோறு பொங்கவும் நல்ல தண்ணி. பருப்பு வேகாது உப்புத் தண்ணியில். பாட்டியின் அம்மா காலத்தில் கோடையில் ரயிலில் தண்ணீர் வரும் என்றும், குடத்தோடு வரிசையில் நின்று வாங்குவார்கள் என்றும் சொல்வார்.

அந்த வரிசையை ஒழித்தவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. 1869-இல் பிறந்து 1930-இல் காலமானவர். 5 முறை நகராட்சித் தலைவராக இருந்தார். சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் வல்லநாட்டில் ஓடுகிற தாமிரபரணியிலிருந்து குழாய் பதித்துத் தூத்துக்குடிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தக் காலத்துச் சின்ன நகராட்சி ஒன்று அவ்வளவு தூரத்துக்கு இரும்புக் குழாய் பதிப்பது என்றால், மோட்டார் வேலை தெரிந்தவனாகச் சொல்கிறேன், அது சாதாரணக் காரியம் இல்லை. பம்ப் வேண்டும், பம்பை ஓட்டுகிற என்ஜின் வேண்டும், வழியில் எங்கே அழுத்தம் குறையும், எங்கே காற்று அடைக்கும் என்று தெரிந்த ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே பணம் கேட்டு அரசாங்கத்தின் வாசலில் திரும்பத் திரும்ப நிற்கிற பிடிவாதம் வேண்டும். அவரைத் 'தண்ணீர்த் தந்தை' என்று ஊர் கூப்பிடுவது மனதாரச் சொல்கிற சொல். ஒவ்வொரு நவம்பர் 15-ஆம் தேதியும் சாதி, மதம், கட்சி என்று பார்க்காமல் அவர் சிலைக்கு மாலை போடுகிறார்கள். இப்போது மணிமண்டபமும் இருக்கிறது. என் பாட்டி மாலை எல்லாம் போட்டதில்லை. காலையில் குழாயில் முதல் தண்ணீர் விழுந்ததும் கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவ்வளவுதான்.

அதன் பிறகு இந்த ஊரின் உள்ளாட்சி வரலாறே வல்லநாட்டுக் குழாயின் வரலாறு மாதிரிதான் எனக்குப் படுகிறது. 1866-இல் நகராட்சி. 2008 ஆகஸ்ட் 5, மாதா கோவில் திருநாள் அன்று, மாநகராட்சி. பிறகு மீளவிட்டான், சங்கரப்பேரி, முத்தையாபுரம், அத்திமரப்பட்டி போன்ற பக்கத்து ஊராட்சிகளும் சேர்ந்து, இன்று நான்கு மண்டலம், 60 வார்டு. ஊர் பெரிதாகப் பெரிதாக இரண்டாவது குழாய், மூன்றாவது குழாய், நான்காவது குழாய்த் திட்டம் என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் தண்ணீரைச் சொல்லித்தான் கேட்பார்கள். நாங்களும் தண்ணீரைத்தான் கேட்போம். எங்கள் தெருவுக்கு வாரத்தில் எத்தனை நாள் வரும், எத்தனை மணிக்கு வரும், கடைசி வீட்டுக்கு ஏறுமா?

போகிற தண்ணீரைப் பற்றி நாங்கள் கேட்டதே இல்லை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முறையாக, வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்கிற பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. எங்கள் வார்டிலும் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு நடந்தது. 2016-இல் நடக்கவேண்டிய நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அதுவரை 5 வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் என்று கூப்பிட ஆளில்லாமல் இருந்தோம். அதனால் அன்று நிறையப் பேர் வந்திருந்தார்கள். நானும் எழுந்து பேசினேன். குடிநீர் அழுத்தம் குறைவாக வருகிறது என்று சொன்னேன். தெருவிளக்கு, நாய், குப்பை வண்டி வரும் நேரம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று அந்தப் பந்தலில் ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு முந்தின வருஷம், 2021 நவம்பரில், ஒரே நாள் மழையில் எங்கள் தெரு குளமாக நின்றிருந்தது. அப்படியும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கவேண்டும். தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதும்தானே என் தொழில்.

சரி, அந்த ஜனவரிக்கு வருகிறேன். வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரை என்ன செய்வது என்று பலருக்குத் தெரியவில்லை. "அண்ணாச்சி, காஞ்சிருச்சு, ஒரு தடவை போட்டுப் பாக்கட்டா?" என்று போனில் கேட்பார்கள். போடாதீங்க என்று நான் கத்துவேன். வெளியே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். சுவிட்சைப் போட்ட அடுத்த நொடி காயில் எரிந்துவிடும்.

ஆச்சியின் மோட்டார்தான் நான் முதலில் பிரித்தது. அரை எச்.பி., அவர் வீட்டுக்காரர் இருந்தபோது வாங்கியது. பின்மூடியைக் கழற்றியதும் கருப்புத் தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு வடிந்தது. உள்ளே சுழல்கிற ரோட்டரை இழுத்தால் வரவில்லை, பேரிங் இறுகிப்போயிருந்தது. புல்லர் போட்டு எடுத்தேன். காயில் கட்டியிருக்கிற ஸ்டேட்டரில், கம்பி பதிகிற ஒவ்வொரு காடியிலும் சேறு அப்பியிருந்தது. அதைக் கழுவ நல்ல தண்ணிதான் வேண்டும், உப்புத் தண்ணி ஊற்றினால் அவ்வளவுதான். வீட்டிலிருந்து இரண்டு குடம் கொண்டுபோய், பெயிண்ட் அடிக்கிற மெல்லிய பிரஷால் காடி காடியாகத் தேய்த்துக் கழுவினேன். கழுவக் கழுவத் தண்ணீர் கருப்பிலிருந்து பழுப்புக்கு வந்து, கடைசியில் தெளிந்தது. செம்புக் கம்பியின் மேல் பூச்சு போகவில்லை, கீறல் இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து, 200 வாட் குண்டு பல்பை உள்ளே தொங்கவிட்டு இரண்டு நாள் காயவைத்தேன். மின்கசிவு பார்க்கிற மெக்கர் வைத்துப் பார்த்தால் முதல் நாள் முள் அசையவே இல்லை. இரண்டாம் நாள் மெல்ல ஏறியது. வார்னிஷ் ஊற்றி, மறுபடி காயவைத்து, புது பேரிங்கும் வாட்டர் சீலும் போட்டு ஓட்டினேன். சத்தமில்லாமல் ஓடியது. ஆச்சியிடம் பேரிங் காசு மட்டும் வாங்கினேன். அந்த மாதம் மட்டும் 140 மோட்டார் பார்த்திருப்பேன். பாதியைக் காப்பாற்ற முடிந்தது. மீதிக்குப் புதிதாகக் காயில் கட்டவேண்டி வந்தது.

வேலை ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிறு காலை கணக்கப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோரம்பள்ளம் குளத்துக்குப் போனேன். அவருக்கு அந்தப் பக்கமெல்லாம் அத்துப்படி. கரையில் நின்று மேற்கே கையை நீட்டிக் காட்டினார். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால் என்கிற கால்வாய் குளங்களை நிரப்பிக்கொண்டே வந்து கடைசியாக இங்கேதான் முடிகிறது. அதோடு மணியாச்சி, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் காட்டு வெள்ளமும் ஓடைகள் வழியாக இங்கேதான் இறங்குகிறது. குளம் நிறைந்தால் மிஞ்சி வழிகிற மறுகால் தண்ணீர் உப்பாற்று ஓடை வழியாக உப்பளங்களுக்கு நடுவே போய்க் கடலில் விழும். ஒரு பக்கம் தாமிரபரணியின் கடைசிச் சொட்டு, மறுபக்கம் கரிசல் காட்டின் முதல் வெள்ளம். இரண்டும் சேருகிற இடம் என் வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்ததைத் தவிர நான் அங்கே இறங்கி நின்றதே இல்லை.

"குளம் உடையும்னு நாங்க நினைக்கல அண்ணாச்சி. பெருகி வரும், மறுகால் போகும், உப்பளத்துல பாத்தியெல்லாம் மூழ்கும். அது எப்பவும் உள்ளதுதான். இந்தத் தடவை மாதிரி பாத்ததில்ல," என்றார். உப்பளத்தில் அந்த வருஷம் தட்டுமேட்டில் ஓலை போட்டு மூடி வைத்திருந்த உப்பு அம்பாரங்களே கரைந்து போயின என்றும் சொன்னார். உப்பை வாரிக் குவித்த கைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

ஊருக்குள் விழுகிற மழைக்கு வேறு வழி இருக்கிறது. அதுதான் பக்கிள் ஓடை. பக்கிள் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பேரில் வழங்குகிறது. மூன்றாவது மைல் என்கிற இடத்தில் தொடங்கி, ஊரைக் குறுக்கே கடந்து, திரேஸ்புரத்தில் கடலில் சேருகிறது. மழைத் தண்ணீர் வடிவதற்காக வெட்டியது. என் வயதுக்காரர்களுக்குப் பக்கிள் ஓடை என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற இடம், அவ்வளவுதான். அதற்குப் பேர் 'சாக்கடை' என்றே எங்களுக்குப் பதிந்துவிட்டது. சாக்கடை என்று சொல்லிவிட்டால் அதில் எதைப் போட்டாலும் மனசு உறுத்தாது. பாலிதீன், தெர்மாகோல், பழைய மெத்தை, கோழிக் கழிவு. ஓடை என்று சொல்லியிருந்தால் ஒருவேளை கை கூசியிருக்கும்.

போன மாதம் கல்லூரியில் படிக்கிற என் மகளோடு அதன் கரையோரமாக நடந்தேன். காலை 6 மணிக்கு மூன்றாவது மைலில் கிளம்பினோம். எல்லா இடத்திலும் கரையில் நடக்க முடியவில்லை. சில இடத்தில் தெருவுக்குள் போய்ச் சுற்றி மறுபடி ஓடையைப் பிடிக்கவேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் சுவர் கட்டிய ஓடை, சில இடங்களில் பச்சையாகத் தேங்கி, சில இடங்களில் நல்ல வேகத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. சின்னச் சின்ன வாய்க்கால்கள் வந்து சேருகிற வாய்களை அவள் எண்ணிக்கொண்டு வந்தாள். எத்தனை அடைத்திருக்கிறது, எத்தனை திறந்திருக்கிறது என்று போனில் குறித்துக்கொண்டாள். நான் சொல்லித்தரவில்லை, அவளாகத்தான் செய்தாள்.

"அப்பா, நம்ம தெரு வாய்க்கால் இதுல எங்க வந்து சேருது?"

எனக்குத் தெரியவில்லை. சேருகிறதா என்றே தெரியவில்லை. அடுத்த வாரம் அதையும் தேடிப் போனோம். எங்கள் தெரு வாய்க்கால் பெரிய தெருவின் வடிகாலில் சேருகிறது, அது ஒரு காலி மனையின் ஓரமாகப் போகிறது, அங்கே கட்டட இடிபாடு கொட்டிக் கிடக்கிறது. இதை எழுதி, படம் பிடித்து, கையால் வரைந்த ஒரு வரைபடத்தோடு கவுன்சிலரிடம் கொடுத்திருக்கிறோம். அவர் எங்களோடு வந்து அந்த இடத்தைப் பார்த்தார். பகுதி சபையில் வைக்கச் சொல்லியிருக்கிறார். 2017-இல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்த பிறகு ஊரில் நிறையக் கட்டினார்கள். பழைய பஸ் ஸ்டாண்டு புதிதானது, வெள்ளத்துக்குப் பிறகு வடிகால் வேலைகளும் நடக்கின்றன. அது எல்லாம் வேண்டும். அதோடு, ஒவ்வொரு வார்டிலும் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று ஒரு பலகை வைக்கவேண்டும் என்பது என் ஆசை. ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினாலும் போதும். இந்த ஊரில் ஒரு பிள்ளைக்கு வல்லநாடு தெரிந்திருக்கிற அளவுக்குக் கோரம்பள்ளமும் தெரியவேண்டும், உப்பாற்று ஓடையும் தெரியவேண்டும்.

அன்று திரேஸ்புரம் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டைத் தாண்டிவிட்டது. ஓடை கடலில் சேருகிற இடத்தில் வள்ளங்கள் வரிசையாக நின்றன. சங்கு குளிக்கப் போகிறவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் முத்துக் குளித்த கடல். 1961-க்குப் பிறகு முத்துக் குளிப்பு இல்லை, சங்கு மட்டும்தான். ஓடைத் தண்ணீர் கருப்பாக வந்து கொஞ்ச தூரம் ஒரு நாக்கைப் போல நீண்டு, பிறகு கடலோடு கலந்து காணாமல் போவதை மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். எங்களைப் படகில் ஏற்றிய பையன்களில் ஒருவனை அங்கே பார்த்தேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எவ்வளவு பேரை ஏற்றியிருப்பான். "முத்தம்மாள் காலனி பக்கம், ஒரு ஆச்சி..." என்றதும் சிரித்துவிட்டான்.

"ஆச்சி எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க தம்பி. மோட்டார் ஓடுது."

இதை எழுதுகிற நேரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரம் இருக்கிறது. உப்பளத்தில் பம்புகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளை நேற்று இரண்டு கொண்டுவந்து இறக்கினார். எங்கள் தெரு வாய்க்கால் ஓரத்து இடிபாட்டில் பாதியை அள்ளிவிட்டார்கள், மீதியை இந்த வாரம் அள்ளுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு காலை 6 மணிக்கு நானும் மகளும் மறுபடி மூன்றாவது மைலிலிருந்து நடக்கிறோம். இந்த முறை அடைத்திருந்த வாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். வருகிறவர்கள் பழைய செருப்பும் ஒரு தண்ணீர் பாட்டிலும் கொண்டுவாருங்கள். திரேஸ்புரத்தில் டீ வாங்கித் தருகிறேன்.